கொய்யா மரத்து ஆன்டெனா

ரொஸ்மானியார் அம்மாளுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இரண்டு பேருமே வீட்டோடு மாப்பிள்ளைகள். ஜகார்த்தாவிலிருந்து கடல் தாண்டி இருக்கும் எங்கள் மினாங் பக்கத்தில் வேறு வகை மாப்பிள்ளையே கிடையாது. வீடு பெண்ணுக்கு, வயல் பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் முடிந்து மனைவி வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் மனைவியின் தாய்மாமனைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

அதில் யாருக்கும் வருத்தமில்லை. பதிலுக்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறோம். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு ஒரு பட்டம் சூட்டுவோம். அன்றிலிருந்து பெண் வீட்டார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மூத்த மாப்பிள்ளைக்கு மாலின் பத்துவா என்று பட்டம். இளையவன் எரிஸாலுக்கு ராஜோ மந்தாரி. கேட்டாலே யானை மேல் உட்கார வைத்த மாதிரி இல்லை?

ஆனால் மாமியார் வாயில் அந்த யானை ஏறவே இல்லை.

"மாலின் பத்துவா, சாப்பிட வாங்க" என்பாள் மூத்தவனிடம். அடுத்த மூச்சிலேயே, "ஈஜால், நீயும் வந்து உட்காரு" என்பாள். ஈஜால் என்பது எரிஸாலுக்கு அரைக்கால் சட்டை வயதில் இருந்த பெயர். அவன் உள்ளூர்ப் பையன், அடுத்த தெரு. அவனை அவளுக்கு மாப்பிள்ளையாகத் தெரிந்தது ஒரு வருடமாகத்தான். அதற்கு முன்னால் பல வருடங்களாக, தன் முற்றத்துக் கொய்யா மரத்தில் தொங்கும் ஒரு ஜோடிக் காலாகத்தான் தெரியும். "இறங்குடா ஈஜால்!" என்று தினமும் கத்திய வாய், கல்யாணம் முடிந்த மறுநாளே ராஜோ மந்தாரி என்று சொல்லிவிடுமா? அவள் வேண்டுமென்று செய்யவில்லை, நாக்கு பழகிவிட்டது. எரிஸாலுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்தியது.

குத்தாமல் இருந்தாலும் காப்பிக்கடைக்காரர்கள் விடுவார்களா? ஜாஸ்மான் கடையில் முட்டைத் தேநீரை நுரை பொங்க ஆற்றி வைத்துவிட்டு, "வாங்க ராஜோ மந்தாரி, உங்க அத்தை உங்களை இன்னிக்கு என்னன்னு கூப்பிட்டாங்க?" என்று ஜாஸ்மான் கேட்பான். பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அடுத்தவனை மனம் நோகாமல் வாருவதில் எங்கள் ஊர் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. மனம் நோகாமல் என்பது வாருகிறவர்கள் சொல்வது.

இந்த நிலையில்தான் பழைய ஒளிபரப்பை நிறுத்தப்போகிறார்கள் என்ற சேதி வந்தது. இனி எல்லாம் டிஜிட்டல். கூரை மேல் நின்ற பழைய ஆன்டெனாவை அப்படியே டிவியில் சொருகினால் ஒன்றும் தெரியாது. ஒன்று, நடுவில் ஒரு செட்டாப் பெட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் வானத்தைப் பார்த்து ஒரு பெரிய டிஷ் வைக்க வேண்டும். தாய்மாமன் டத்துக், குடும்பத்துக்குத் தலைவர், வந்து நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. டிஷ்ஷா, ஆன்டெனாவா?"

எரிஸாலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வீட்டில் அவனிடம் கருத்து கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

மாலின் பத்துவா தொந்தியைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தான். "மாமா, இருக்கிற ஆன்டெனாவே போதும். ஒரு சின்னப் பெட்டி வாங்கிட்டா முடிஞ்சுது. உள்ளூர் சேனல் எல்லாம் வரும். பந்தாட்ட நேரத்துல டிஷ்ஷுல பூட்டிடுவாங்க. ஆன்டெனாவுல அந்தத் தொல்லை கிடையாது."

"சகலை நல்லாத்தான் சொல்றாரு" என்றான் எரிஸால். "ஆனா எதிர்ல நிக்கிற குன்றை அவரு பார்க்கலை போல. டவர் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கு. பழைய ஒளிபரப்புலயே நம்ம டிவியில எறும்புதான் ஊர்ந்துது. செய்தி வாசிக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு குரலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். டிஜிட்டல்ல எறும்புகூட வராது மாமா. வந்தா முழுசா வரும், இல்லன்னா கறுப்பு. டிஷ்ஷுக்குக் குன்றும் இல்ல, மரமும் இல்ல. நேரா வானத்துலேர்ந்து வீட்டுக்கு."

"பந்தாட்டத்தைப் பூட்டுவாங்கன்னு சொன்னேனே?"

"உலகக் கோப்பையைப் பூட்டுவாங்க. நம்ம வீட்டுல உலகக் கோப்பை யாரு பார்க்கிறா? அத்தை பார்க்கிறது மெக்கா. டிஷ்ஷுல மெக்கா நாள் முழுக்க வரும், காசு கிடையாது."

அடித்தான் பாருங்கள் ஆணி! ரொஸ்மானியார் அம்மாள் சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "நாள் முழுக்கவா?" என்றாள். அதோடு வழக்கு முடிந்தது. டத்துக் மாமா எரிஸால் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

புக்கித்திங்கி டவுனிலிருந்து ஆள் வந்து, கறுப்பு வலைக்கம்பி டிஷ்ஷை முற்றத்தில் நட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு எருமைக்கன்றைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. கூரையிலிருந்து இறக்கிய பழைய ஆன்டெனாவை மாமியார் கோழிக்கூண்டில் குறுக்கே வைத்துவிட்டாள். கம்பிக்கு ஒன்றாகக் கோழிகள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மாலின் பத்துவா மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. சந்தைக்குப் போனபோது ஒரு செட்டாப் பெட்டியை வாங்கி, யாருக்கும் தெரியாமல் கைலியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். யாருக்கும் தெரியாமல் என்றால், அவன் மனைவிக்குத் தெரியும், அதனால் ஊருக்கே தெரியும்.

டிஷ்ஷில் படம் கண்ணாடி போல வந்தது. மெக்கா வந்தது. மாமியார் தொழுகைத் துணியை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினாள். எரிஸால் கதவோரம் நின்று காத்திருந்தான். இப்போது சொல்வாள், இதோ சொல்லப்போகிறாள்.

"ஈஜால்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு."

அன்று இரவுச் சாப்பாட்டில் அவனுக்குக் காரமே உறைக்கவில்லை. மனைவி யெல்மி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ஏங்க, நான் வேணா உங்களை ஒரு தடவை ராஜோ மந்தாரின்னு கூப்பிடட்டுமா?"

"உன் கிண்டலை மூட்டை கட்டி வை" என்றான் அவன்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்தச் சேதி வந்தது. யெல்மியின் தம்பி ரஃப்கி, வீட்டின் கடைக்குட்டி, ஜகார்த்தாவில் பந்தாட்டப் பயிற்சியில் இருந்தவன், நாட்டின் இளைஞர் அணிக்குக் கோல்கீப்பராக நிற்கப்போகிறான். தாய்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம். டிவியில் நேரடியாக வரும். ரொஸ்மானியார் அம்மாள் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னாள். கோழி வாங்க வந்தவனிடமும் சொன்னாள்.

மாலின் பத்துவா எரிஸாலை ஓரம் கட்டினான். "சகலை, பந்தாட்டம். பூட்டுவாங்க."

"சின்னப் பசங்க ஆட்டம் சகலை. அதை எவன் பூட்டுவான்?"

"பூட்டினா?"

"பூட்டினா எங்கிட்ட சாவி இருக்கு" என்றான் எரிஸால். சாவி என்றால் வேறொன்றுமில்லை, சில எண்கள். பூட்டிய சேனலுக்கு அதை ரிமோட்டில் அடித்தால் சில சமயம் திறக்கும். எங்கள் பக்கத்தில் பந்தாட்ட நாளில் ஆண்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதில்லை, சாவிதான் விசாரிப்பார்கள். அது யோக்கியமான வேலையா என்று கேட்காதீர்கள்.

ஆட்டம் சாயங்காலம். மதியத்திலிருந்தே கூட்டம். பொரித்த வாழைப்பழமும் ஒட்டரிசிச் சோறும் தட்டுத் தட்டாகப் போயின. ஜாஸ்மான் கடையைப் பூட்டிவிட்டு, கடையில் உட்கார்ந்திருந்த வாய்களை எல்லாம் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். டத்துக் மாமா கறுப்புத் தொப்பியோடு முன்வரிசையில். மாமியார் புதுத் தலைத்துணி அணிந்து, மகனே நேரில் வரப்போகிறான் என்பது போல டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஈஜால், போடு" என்றாள்.

போட்டான். விளம்பரம் வந்தது. கொடி வந்தது. இரண்டு அணியும் வரிசையில் நின்றன. "அதோ! அதோ என் பிள்ளை!" என்று அவள் எழுந்தாள். அந்த நிமிஷம் பார்த்து படம் நின்றது. திரை கறுப்பாகி, நடுவில் ஒரு வரி: இந்தச் சேனல் பூட்டப்பட்டுள்ளது.

எல்லாத் தலையும் எரிஸால் பக்கம் திரும்பியது.

"இப்பத் திறந்துடும்" என்று எரிஸால் சாவியை அடித்தான். திறக்கவில்லை. "அது போன மாசத்துச் சாவி, இதை அடிங்க" என்று ஜாஸ்மான் தன் போனைப் பார்த்து ஒன்று சொன்னான். அதுவும் இல்லை. ஆளாளுக்கு ஒரு சாவி நீட்டினார்கள். ஒருவன் அவசரத்தில் தன் மச்சானின் போன் நம்பரைப் படித்துவிட்டான். எரிஸால் அதையும் அடித்துப் பார்த்தான் என்றால் அவன் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். போனிலேயே ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று ஒருத்தி முயற்சி செய்தாள். குன்றின் புண்ணியத்தில் அதுவும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ராஜோ மந்தாரி கோட்டைக்குச் சாவியைத் தொலைச்சுட்டாரு" என்றான் ஜாஸ்மான். வழக்கமாகச் சிரிக்கிறவர்கள்கூடச் சிரிக்கவில்லை. மாமியார் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எரிஸாலுக்குப் பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், இந்த அம்மாள் தன் பிள்ளையைப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

அவன் நேராக மாலின் பத்துவா முன்னால் போய் நின்றான். "சகலை, கட்டிலுக்கு அடியில ஒண்ணு வெச்சிருக்கீங்களே..."

"எது?" என்றான் மாலின் பத்துவா, கூரையைப் பார்த்துக்கொண்டு. அந்த ஒரு நிமிஷ சுகத்தை அவன் விடுவானா? "எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"சகலை, கால்ல விழட்டுமா?"

"அடச்சே, எந்திரிங்க!" என்று அவன் பதறி, தொந்தி குலுங்க உள்ளே ஓடிப் பெட்டியைக் கொண்டுவந்தான். எரிஸால் கோழிக்கூண்டுக்கு ஓடினான். கோழிகள் இடத்தைக் காலி செய்ய மறுத்தன. ஒன்று கையில் கொத்தியது. எச்சம் காய்ந்த ஆன்டெனாவை உருவிக்கொண்டு முற்றத்தில் ஓட, பின்னால் ஒயர் வால் மாதிரி இழுபட்டு வந்தது.

தரையில் நின்று பிடித்தால் ஒன்றும் வரவில்லை. வராந்தாத் தூண், டிஷ்ஷின் விளிம்பு, தண்ணீர்த் தொட்டி, எங்கே ஏறிப் பிடித்தாலும் உள்ளே இருந்து ஒரே பதில்: "கறுப்பு!" பழைய காலம் என்றால் எறும்பு குறைகிறதா கூடுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருப்பலாம். இதில் ஒரு துப்பும் கிடையாது. அவன் சுற்றிலும் பார்த்தான். குன்று ஓர் இடத்தில் மட்டும் தோள் தாழ்ந்து, நடுவில் வானம் தெரிகிறது. அந்த இடைவெளி முற்றத்தில் எங்கிருந்து நன்றாகத் தெரியும் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எத்தனை வருடம் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

கொய்யா மரம் மழையில் நனைந்து வழுவழுவென்று இருந்தது. அவன் செருப்பை உதறிவிட்டு ஏறினான். மேல்கிளைக்குப் போய் ஆன்டெனாவை அந்த இடைவெளிக்கு நேராக நீட்டினான்.

உள்ளே வீடு இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல். "வந்துட்டுது! வந்துட்டுது!"

அவன் ஆன்டெனாவைக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கையை எடுத்தான். "போச்சு!" மறுபடி பிடித்தான். "வந்துட்டுது!" மறுபடி எடுத்தான். "போச்சு!" இந்தக் கண்றாவிக்குக் காரணம் யாருக்கும் தெரியாது, ஆனால் ஆன்டெனா பிடித்த எல்லாருக்கும் தெரியும். மனிதக் கை பட்டால்தான் அதற்குப் படம் வரும்.

"சகலை, நான் மாத்திப் பிடிக்கட்டுமா?" என்று மாலின் பத்துவா மரத்தடிக்கு வந்து அண்ணாந்தான்.

"வேணாம் சகலை, மரம் தாங்காது."

அப்படியாக, ஊரே ஆட்டத்தைப் பார்த்தது, எரிஸாலைத் தவிர. தூறல் வலுத்தது. கால் மரத்தது. யெல்மி ஜன்னலில் நின்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்மாளுங்க ஒரு கோல் போட்டாச்சு! ரஃப்கி ஒண்ணைத் தட்டி விட்டான்! ஏங்க, நனையிறீங்களே, குடை தரவா?"

"எந்தக் கையால பிடிக்கிறது?" என்று அவன் கேட்டான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆட்டம் முடியப்போகிற சமயம். உள்ளே திடீரென்று ஒரு "ஐயோ!" எழுந்தது. ரொஸ்மானியார் அம்மாளே வராந்தாவுக்கு ஓடி வந்தாள். தலைத்துணி கோணலாகியிருந்தது, இரண்டு கையையும் மரத்தைப் பார்த்துக் கூப்பினாள்.

"ராஜோ மந்தாரி!" என்று கத்தினாள். "ஆடாதீங்க! அசையாதீங்க! என் பிள்ளைக்கு எதிரா பெனால்ட்டி!"

எரிஸால் ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அதுவும் இந்த மரத்தைப் பார்த்து, இந்த வாயிலிருந்து. மரியாதையோடு, நீங்க போட்டு. அவன் நெஞ்சு விம்மியது. தன்னையறியாமல் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

"என்ன சொன்னீங்க அத்தை?"

படம் போய்விட்டது.

அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எழுந்த சத்தம் பள்ளிவாசல் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். "ராஜோ மந்தாரி! திருப்புங்க!" "நாசமாப் போச்சு ராஜோ மந்தாரி!" "உங்களுக்கு அறிவிருக்கா ராஜோ மந்தாரி!" டத்துக் மாமா முதல் ஜாஸ்மான் வரை, ஒரு வாய் பாக்கியில்லை. அத்தனை பேரும் பட்டத்தைச் சொல்லித்தான் திட்டினார்கள். அவன் அலறியடித்து ஆன்டெனாவைக் குன்றுப் பக்கம் திருப்பினான்.

பிறகு வீடு வெடித்தது. தட்டுகள் உருண்டன. யாரோ அழுதார்கள்.

"என்னாச்சு?" என்று அவன் கத்தினான். "யெல்மி, என்னாச்சு?"

யெல்மி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "பிடிச்சுட்டான்! தட்டலைங்க, பிடிச்சுட்டான்! மறுபடியும் காட்டுறாங்க, பாருங்க... நீங்க எங்க பார்க்க... அம்மா, வந்து பாரு! ரெண்டு கையாலயும் வாங்கி, நெஞ்சோட அணைச்சு, பூ மாதிரி. சத்தமே வராம!"

எரிஸால் மரத்தின் மேல் வாய்விட்டுச் சிரித்தான். மழைத்தண்ணீரோடு கண்ணீரும் ஓடியது. "வராது! சத்தம் வராது! கீழ விழுந்து சத்தம் வந்தா அத்தை எந்திரிச்சுடுவாங்கன்னு நான்தானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்! நான் மேலேர்ந்து போடுவேன், அவன் கீழ நின்னு அப்படியே நெஞ்சோட வாங்குவான். ஒரு கொய்யாவைக்கூட விட மாட்டான் என் மச்சான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

மறு ஒளிபரப்பைப் பார்க்க உள்ளே போன ரொஸ்மானியார் அம்மாள் வாசலுக்குத் திரும்பி வந்தாள். முகம் முழுக்க இன்னும் ஆனந்தக் கண்ணீர். ஆனால் கை தானாக மூலையில் இருந்த விளக்குமாற்றைத் தேடியது. அத்தனை வருடம் திருடன் ஒருவன் என்று நினைத்திருந்தாள். கூட்டாளி தன் கடைக்குட்டி என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

"என் பிள்ளையையா திருடப் பழக்கினே? அஞ்சு வயசுப் பிள்ளையை! இறங்குடா ஈஜால்!"

எரிஸால் பழக்கதோஷத்தில் ஒரு காலைக் கீழே விட்டான். ஆன்டெனா ஆடியது.

"இறங்காதீங்க ராஜோ மந்தாரி!" என்று ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டி மொத்த வீடும் அலறியது. "ஆட்டம் இன்னும் முடியலை!"

அவன் பாதிக் கிளையில் தொங்கியபடி மாமியாரைப் பார்த்தான். அவள் விளக்குமாற்றைப் பார்த்தாள், உள்ளே டிவியைப் பார்த்தாள், நனைந்த கோழி மாதிரி மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"மேல ஏறி ஒழுங்காப் பிடிங்க, ராஜோ மந்தாரி" என்றாள். "ஆட்டம் முடியட்டும். அப்புறம் இறங்கி வாங்க, வெச்சுக்கிறேன்."